தீ வைத்தது யாரோ

ஃபிஜித் தீவின் வைனிந்தோவில் இருபது ஆண்டுகளாகக் கரும்பு வயல்களுக்குத் தீ வைத்துவந்த ‘யாரோ’ என்பவர், 2014ஆம் ஆண்டு செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, நாண்டியிலிருந்து வரும் மதியப் பேருந்தில் வந்து இறங்கினார். பெட்டி படுக்கை எதுவும் இல்லை. நீலப் பூப்போட்ட சட்டை, பழைய கால்சட்டை. அவற்றுக்குள் இருந்த உடம்பு சாம்பல். நிறத்தைச் சொல்லவில்லை, பொருளைச் சொல்கிறேன். எரிந்து சுருண்ட கரும்புத் தோகை காற்றில் கலையாமல் ஆள் வடிவத்தில் நின்றது, அவ்வளவுதான். மூக்கு, காது, நகம் எல்லாம் ஒழுங்காக இருந்தன. ஓட்டுநர் அவர் உட்கார்ந்து வந்த இருக்கையை இரண்டு முறை துடைத்துப் பார்த்தார். “பேரென்னன்னு கேட்டேன், யாரோன்னாரு. மேற்கொண்டு நான் கேக்கல” என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். நிறுத்தத்துக்கு எதிரே கொட்டகையில் யங்கோனா வேர்ச்சாறு குடித்துக்கொண்டிருந்த ஆண்கள் சிரட்டையைக் கீழே வைத்தார்கள். அந்தப் பெயரைத் தெரியாதவர் அங்கே ஒருவரும் இல்லை. வந்தவர் எல்லோரையும் பார்த்துத் தலையசைத்து, இருமி, வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு, தங்க இடம் கிடைக்குமா என்று கேட்டார்.

வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது கொஞ்சம் கஷ்டம். பச்சைக் கரும்பு காத்திருக்கும். எரிந்த கரும்பு காத்திருக்காது, இரண்டு மூன்று நாளில் புளித்துவிடும். அதனால் எரிந்த வயலுக்குத்தான் லாரி முதலில் வரும், ஆலையும் வரிசை பார்க்காமல் எடுத்துக்கொள்ளும். விலையில் கொஞ்சம் பிடித்துக்கொள்வார்கள், பிடித்தால் பிடிக்கட்டும். தோகை எரிந்துவிட்டால் வெட்டுகிறவனுக்கும் சுலபம், குளவி கொட்டாது. ஆனால் தன் வயலுக்குத் தானே தீ வைப்பது குற்றம். ஆகவே வயல் எரிந்த மறுநாள் காவலர் வந்து விசாரித்தால் எங்கள் ஊரில் எல்லோருக்கும் ஒரே பதில்தான்: “யாரோ தீக்குச்சியப் போட்டுட்டாங்க சார்.” காவலரும் அப்படியே எழுதிக்கொண்டு டீ குடித்துவிட்டுப் போவார். இந்து, முஸ்லிம், தேவாலயத்துக்குப் போகிறவர் என்ற வித்தியாசம் இதில் கிடையாது. ஒரு பெயரை இருபது ஆண்டுகள் இத்தனை வாய்கள் சொன்னால் அந்தப் பெயருக்கு உடம்பு வராமல் என்ன செய்யும்? வந்தது.

வயலுக்கும் கடற்கரைக்கும் நடுவே ஒரு சாலைதான். வெட்டுப்பருவத்தில் சாம்பல் அந்தச் சாலையைத் தாண்டிப் போய், மணலில் படுத்திருக்கும் வெள்ளைக்காரர்களின் முதுகில், அவர்கள் குடிக்கும் இளநீரில், குழந்தைகளின் ஐஸ்கிரீமில் விழும். முதலில் சிரித்தார்கள், படம் பிடித்தார்கள். பிறகு இருமினார்கள். பிறகு ஊருக்குப் போய் இணையத்தில் எழுதினார்கள். “சாப்பாட்டுக்கு ஐந்து நட்சத்திரம், காற்றுக்கு ஒன்று” என்று ஒரு அம்மாள் எழுதியதை எங்கள் பள்ளிக்கூடத்து வாத்தியார் உரக்கப் படித்துக் காட்டினார். முதலில் கண்ணாடித் தரை போட்ட படகுக்காரர் போனார், அடுத்து சிப்பி மாலை விற்ற பெண்கள் சந்தைக்கு மாறினார்கள், பிறகு இளநீர் வண்டி. இதில் சொல்ல வெட்கமான விஷயம் ஒன்று உண்டு. காலையில் குதிரையை மணலுக்கு ஓட்டிக்கொண்டு போய்ச் சுற்றுலாக்காரர்களை ஏற்றுகிறவன்தான், சாயங்காலம் தன் வயலோரம் விரலை நனைத்துத் தூக்கிக் காற்று எந்தப் பக்கம் என்று பார்க்கிறவனும். வந்தவர்களை விரட்டியதும் நாங்கள்தான், வரவில்லையே என்று அழுததும் நாங்கள்தான்.

கடற்கரையில் கடைசியாகத் தாக்குப்பிடித்தது உனைசியின் விடுதி. எட்டு அறை, ஓலை வேய்ந்த சாப்பாட்டுக் கூடம், வாசலில் இரண்டு வாதுமை மரம். புருஷன் போன பிறகு அவள் ஒற்றை ஆளாக நடத்தினாள். விரிப்பு, துண்டு, தலையணை உறை எல்லாம் துவைத்துக் கொடுத்தது சாலைக்கு இந்தப்புறம் கரும்பு வைத்திருந்த தோர்சாமியின் மனைவி அங்கம்மா. அங்கம்மாவின் பெண் கல்யாணத்துக்கு மூட்டை மூட்டையாய் மரவள்ளி உரித்தவள் உனைசி. உனைசியின் புருஷன் சாவுக்கு அவர்கள் வழக்கப்படி பாய் சுமந்துகொண்டு போய் முன்வரிசையில் உட்கார்ந்தவள் அங்கம்மா. துணி கொடுக்கப் போனவள் டீயும் பன்னும் சாப்பிடாமல் திரும்பியது கிடையாது.

யாரோ வருவதற்கு முந்தின வருஷம், அக்டோபரில், நியூசிலாந்தின் தென்கோடியிலிருந்து முப்பது பேர் கொண்ட பாட்டுக்குழு ஒன்று வந்தது. எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள். உனைசியின் தேவாலயத்துப் பாடகர்களோடு சேர்ந்து மணலில் பாடுவது, பிடித்துப்போனால் வருஷா வருஷம் வருவது என்று பேச்சு. எட்டு அறை போதாமல் பக்கத்து வீடுகளிலும் தங்கினார்கள். குதிரைக்காரன் சேணத்துக்குப் புதுத் துணி தைத்தான். படகுக்காரர்கூட திரும்பி வரலாமா என்று ஆள் அனுப்பி விசாரித்தார். உனைசி அந்த வாரம் முழுக்கப் பாடிக்கொண்டே சமைத்தாள்.

அதே வாரம் தோர்சாமி லாரியிலிருந்து விழுந்து தொடையெலும்பை உடைத்துக்கொண்டு கிடந்தான். கரும்பு வெட்டும் கூட்டத்துக்குச் சர்தார் ஹனீஃப். யாருடைய வயல் எப்போது என்பதை அவன்தான் முடிவு செய்வான். நல்ல தமாஷ்காரன், அவன் இல்லாமல் ஊரில் கல்யாணமும் நடக்காது, சண்டையும் நடக்காது. அவன் வந்து தோர்சாமியின் கட்டிலோரம் ஒரு பாட்டம் சிரிக்கவைத்துவிட்டு, வெளியே வந்து அங்கம்மாவிடம் குரலைத் தாழ்த்தினான்.

“அண்ணி, பச்சைக் கரும்புன்னா உங்க முறை டிசம்பர்லதான். டிசம்பர் மழையில லாரி உள்ள வராது, படகுதான் வரும். எரிஞ்சிருந்தா நாளைக்கே வெட்டிடலாம்.”

“எரிக்கச் சொல்றீங்களா?”

“ஐயோ, நான் எப்ப சொன்னேன்? எரிஞ்சிருந்தான்னுதானே சொன்னேன்!”

“பாட்டுக்காரங்க இருக்காங்க அண்ணே. ஞாயித்துக்கிழமை போயிடுவாங்க. அதுக்கப்புறம் பாக்கலாமே.”

“ஞாயித்துக்கிழமை வரைக்கும் என் ஆளுங்க என்ன, பல்லு குத்திட்டு உக்காந்திருப்பானுங்களா? நாளைக்கு இல்லேன்னா இந்த வருஷம் இல்ல. காத்தப் பாருங்க, மலைப் பக்கம்தான் அடிக்குது. எந்த வெள்ளைக்காரன் மலைல படுத்திருக்கான்?”

அங்கம்மா அன்று மதியம் பாட்டுக்குழுவின் கடைசி விரிப்பு வரை இஸ்திரி போட்டு முடித்தாள். சுமந்துகொண்டு போய்க் கொடுத்தாள், டீ குடித்தாள், திரும்பி வந்தாள். புருஷனின் காலில் சுற்றியிருந்த பழைய கட்டுத்துணியை, தைல வாடை போகாத துணி, ஒரு குச்சியில் சுற்றி மண்ணெண்ணெயில் நனைத்து, வயலின் மேல்கோடியில் பற்றவைத்துவிட்டாள். காற்று மலைப் பக்கம்தான் அடித்தது. சாயங்காலமானால் அது கடல் பக்கம் திரும்பும் என்பது எங்கள் ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அங்கம்மாவுக்கும் தெரியும்.

வெள்ளைச் சட்டையும் வெள்ளைப் பாவாடையுமாக முப்பது பேர் மணலில் நின்று மூன்றாவது பாட்டை ஆரம்பித்திருந்தார்கள். புகை முதலில் வந்தது, பின்னாலேயே கரி. ஒருவர் இருமினார், பிறகு நாலு பேர், பிறகு வரிசை வரிசையாக உட்கார்ந்தார்கள். குட்டையான ஒரு கிழவி மட்டும் கண்ணை மூடிக்கொண்டு தனியாக ஒரு வரி பாடினாள். அதற்கு மேல் அவளுக்கும் மூச்சு வரவில்லை. ஆம்புலன்ஸ் இரண்டு நடை போனது. யாரும் சாகவில்லை, அது ஆண்டவன் புண்ணியம். மறுநாள் எல்லோரும் கிளம்பிப்போனார்கள். அதற்குப் பிறகு வர இருந்தவர்களும் ஒவ்வொருவராக முன்பதிவை ரத்து செய்தார்கள். உனைசி அழவில்லை. கரி படிந்த விரிப்புகளை அள்ளிக் கொடுத்துவிட்டு, “அக்கா, யாருக்கா வச்சது?” என்று மட்டும் கேட்டாள். “யாரோ, உனைசி” என்றாள் அங்கம்மா. விடுதியில் ஆள் இல்லாமல் போனதும் துவைக்கத் துணியும் இல்லாமல் போனது. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டோமே என்று அங்கம்மா சமையலறையில் உட்கார்ந்து அழுதாள். தன் பிழைப்புக்காக அழுதது பாதிதான். மறுபாதி, அந்தப் பதிலைச் சொன்ன வாய்க்காக.

இப்படியிருந்த நேரத்தில்தான் யாரோ வந்து இறங்கியது. உனைசியின் விடுதியில் பல மாதங்களுக்குப் பிறகு வந்த முதல் விருந்தாளி அவர்தான், அதனால் அவள் பெயர் விவரம் பார்க்காமல் கடலைப் பார்த்த அறையைக் கொடுத்தாள். வாடகை எப்படிக் கொடுத்தார் என்று கேட்காதீர்கள், அவளே கேட்கவில்லை. சாப்பிட மாட்டார், ஆனால் சாப்பாட்டு வேளைக்கு வந்து மரியாதையாக உட்காருவார். டீ கொடுத்தால் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, ஆறியதும் திருப்பிக் கொடுப்பார். தொட்ட இடமெல்லாம் கறுப்பாகும். “மன்னிக்கணும்மா, கை பட்டுடுச்சு” என்பார் ஒவ்வொரு தடவையும். பேச்சு மட்டும் அபாரம். ஊர் வாயிலிருந்து பிறந்தவர் அல்லவா, எந்தக் குடும்பத்துக் கதையும் அவருக்குத் தெரியும். பேசும்போது மட்டும் உருகின பிளாஸ்டிக் வாடை ஒன்று லேசாக அடிக்கும். உனைசி அதைக் கண்டுகொள்ளவில்லை. மாலை வேளையில் அவளும் அவரும் கூடத்தில் உட்கார்ந்து பேசிச் சிரிப்பது சாலை வரை கேட்டது.

அவருடைய விரிப்புகள் அங்கம்மாவிடம் வந்தன. படுத்த இடத்தில் தலை, முதுகு, கால் என்று ஆள் அப்படியே கரியாகப் படிந்திருக்கும். முதல் விரிப்பைத் தொட்டியில் போடும்போதே வலதுகை பதிந்திருந்த இடத்திலிருந்து தைல வாடை வந்தது. அங்கம்மா அந்தத் துணியை முகத்தருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். பிறகு துணிக்கல்லில் உட்கார்ந்துவிட்டாள். மூன்று தண்ணீர் மாற்றினாள், சோப்பு போட்டாள், வெயிலில் காயவைத்தாள். கறை போனது, வாடை போகவில்லை. விரிப்பைக் கொண்டுபோன இடத்தில் யாரோ அவளுக்காக எழுந்து நாற்காலியை நகர்த்திப் போட்டார். “உங்களுக்கு ரொம்ப வேலை வைக்கிறேன்” என்றார். அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை, டீயும் இறங்கவில்லை.

ஊர் என்ன செய்தது? நன்றாகப் பயன்படுத்திக்கொண்டது. யாருடைய ஆடு காணாமல் போனாலும், யாருடைய குழாயை யார் திறந்துவிட்டிருந்தாலும் யாரோவின் தலையில் கட்டினார்கள். ஒவ்வொன்றுக்கும் அவர் கொஞ்சம் கறுத்தார், கொஞ்சம் கனத்தார். விடுதியின் மரப்படி முனக ஆரம்பித்தது. ஹனீஃபுக்குக் கொண்டாட்டம். கொட்டகையில் அவருக்கும் ஒரு சிரட்டை ஊற்றி முன்னால் வைத்து, “மச்சான், வர்ற புதன்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி உள்ள வயல்ல ஒரு வேலை இருக்கு. நீங்கதானே எப்பவும் வைக்கிறது, வந்து வச்சிட்டுப் போயிடுங்க” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். யாரோ தலையைக் குனிந்துகொண்டார். “எனக்குத் தீக்குச்சி உரசத் தெரியாதுங்க. ஒரு தடவைகூட உரசினதில்ல” என்றார். அதற்கும் சிரித்தார்கள், ஆனால் சீக்கிரம் நிறுத்திவிட்டார்கள். புதன்கிழமை அந்த வயல் எரிந்தது.

அந்த மாதக் கடைசியில் நாண்டியிலிருந்து பெரிய விடுதிக்காரர்கள் நாலு பேர் காரில் வந்தார்கள். தீ வைக்கிற ஆளைப் பிடித்து உள்ளே போட்டால், வைனிந்தோவு கடற்கரை சுத்தம் என்று தாங்களே விளம்பரம் செய்து ஆட்களை அனுப்புவதாகச் சொன்னார்கள். தேவாலயக் கூடத்தில் ஊர் கூடியது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது, ஆள்தான் நம்மிடமே இருக்கிறாரே என்று ஒருவர் சொன்னதும் எல்லோர் முகத்திலும் வெளிச்சம் வந்தது. யாரோவையே கூப்பிட்டுக் கேட்டார்கள். “இத்தனை பேர் சொல்றீங்க, தப்பா இருக்குமா? நான் போறேன்” என்றார் அவர். உனைசிக்குத்தான் மனசு ஆறவில்லை. நல்ல மனிதராகப் பழகிவிட்டார். ஆனால் பாட்டுக்குழுவைத் துரத்தியவரும் அவர்தான் என்று ஊரே சொல்கிறது, அவரும் ஒத்துக்கொள்கிறார். “போயிட்டு வாங்க ஐயா” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

திங்கட்கிழமை காவலர் வண்டியோடு வந்தார். விடுதி வாசலில் ஊரே நின்றது. உனைசி வழிக்கு ரொட்டி கட்டியிருந்தாள், அவர் சாப்பிட மாட்டார் என்று தெரிந்தும். யாரோ இரண்டு கையையும் நீட்டினார். அப்போது துணி மூட்டையோடு வந்த அங்கம்மா மூட்டையை மணலில் போட்டாள்.

“அவரு இல்ல. நான்தான் வச்சேன்.”

“அண்ணி, வெயில் தலைக்கு ஏறிடுச்சு. வீட்டுக்குப் போங்க” என்றான் ஹனீஃப்.

“நீங்க சும்மா இருங்க அண்ணே.” அவள் உனைசியைப் பார்த்தாள். “பாட்டுக்காரங்க வந்தப்ப எரிஞ்சது எங்க வயல். நான் வச்சது. எங்க வீட்டுக்காரரு காலுக்குக் கட்டின துணியச் சுத்தி நானே வச்சேன். உங்கிட்ட யாரோன்னு சொன்னேன்.”

உனைசி ரொட்டிப் பொட்டலத்தைக் கீழே வைத்தாள். பிறகு, “அன்னிக்கு நீதானே எல்லா விரிப்பும் இஸ்திரி போட்டுக் கொண்டாந்த?” என்று கேட்டாள்.

“ஆமா.”

“டீ குடிச்ச.”

“குடிச்சேன்.”

“குடிச்சிட்டுப் போய் வச்சியா?”

“குடிச்சிட்டுத்தான் போய் வச்சேன்.”

காவலர், நீட்டிய அந்தக் கைகளிலேயே விலங்கைப் பூட்டப் போனார். யாரோவின் வலதுகை மணிக்கட்டிலிருந்து தோள்வரை உதிர்ந்து, சட்டைக்கை காற்றில் ஆடியது. கீழே விழுந்த சாம்பல் ஒரு பிடிகூட இல்லை. “ரொம்ப நன்றிம்மா, இது கனமா இருந்தது” என்றார் அவர். ஒற்றைக் கையில் எப்படி விலங்கு போடுவது என்று காவலருக்குத் தெரியவில்லை. சுற்றி நின்றவர்கள் அவரிடம் மிச்சம் இருந்ததைப் பார்த்தார்கள். இடதுகை, காது, நெஞ்சு, முழங்கால். ஒவ்வொருவர் கண்ணும் ஒவ்வொரு இடத்தில் போய் நின்றது. வாயைத்தான் யாரும் திறக்கவில்லை. கூட்டம் கலைந்தது, அவரும் தன் அறைக்குத் திரும்பிப்போனார்.

அங்கம்மாவுக்கு நீதிமன்றம் அபராதம் போட்டது. இன்னும் நொண்டிக்கொண்டிருந்த தோர்சாமி, “என் கட்டுத்துணியவா கொளுத்தின?” என்று கேட்டதோடு சரி; அது அவனுக்கும் சேர்த்து நடந்தது என்று அவனுக்குத் தெரியும். உனைசி தன் துணிகளைத் தானே துவைக்க ஆரம்பித்தாள். இரண்டு வெட்டுப்பருவம் அங்கம்மா சாலையைத் தாண்டவில்லை. சந்தையில் எதிரே வந்தால் உனைசி மீன்கடைப் பக்கம் திரும்பிக்கொள்வாள். சில சமயம் யாரிடமாவது உரக்க, அங்கம்மா காதில் விழும்படி, “கூட உக்காந்து டீ குடிச்சவளை நம்பக் கூடாதுடி” என்பாள். அங்கம்மா கேட்டுக்கொண்டே காய் பொறுக்குவாள். அந்த ஏச்சு தனக்குச் சேர வேண்டியதுதான் என்று நினைத்தாள், நினைத்தாலும் வலித்தது.

அந்த இரண்டு வருஷத்தில் ஊரில் ஒரு சங்கடம் உண்டானது. வயல் எரிந்து, காவலர் வந்து, “யாரு?” என்று கேட்டால், வழக்கம்போல “யாரோ” என்று சொன்ன உடனே எங்கிருந்தாவது அவர் எட்டிப் பார்த்து, “கூப்பிட்டீங்களா?” என்பார். ஒற்றைக் கை மனிதர் இப்படி வந்து நின்றால் எவன்தான் மறுபடி அந்தப் பெயரைச் சொல்வான்? தீ குறைந்தது. பச்சையாகவே வெட்டினார்கள், குளவி கொட்டியது, திட்டிக்கொண்டே வெட்டினார்கள். குதிரைக்காரன் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடுதிக்கு வந்து, தொப்பியைக் கழற்றி, தான் வைத்த இரண்டு வருஷத் தீயை அவரிடம் சொன்னான். இடது காது போனது. வாத்தியார் சொன்னார், இடது முழங்கால். ஒருத்தி தன் புருஷனுக்காகச் சொல்லிப் பார்த்தாள், ஒன்றும் உதிரவில்லை. நல்ல பெயர் வாங்க ஒருவன் செய்யாததையும் சேர்த்துச் சொன்னான், அதற்கும் உதிரவில்லை. காற்று கொஞ்சம் தெளிந்ததும் ஒன்றிரண்டு சுற்றுலாக்காரர்கள் திரும்பி வந்தார்கள். அவரோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அவரும் இல்லாத காதை மறைத்துக்கொண்டு நின்றார்.

இப்படியே போயிருந்தால் உனைசி யோக்கியமான கோபத்தோடு கிழவியாகியிருப்பாள். ஆனால் ஒருநாள் காலை, எப்போதும் செய்கிறபடி, விடுதிக்குப் பின்னால் குழியில் குப்பையைக் கொளுத்திக்கொண்டிருந்தாள். வராந்தாவில் கதை சொல்லிக்கொண்டிருந்த யாரோ சட்டென்று நிறுத்தி, எதையோ சுவைப்பதுபோல உதட்டை அசைத்தார். உனைசி குழியைப் பார்த்தாள், அவர் வாயைப் பார்த்தாள்; இரண்டிலும் ஒரே வாடை. அந்த வாரம் முழுக்க அவளுக்குச் சமையலில் உப்பு சரியாக விழவில்லை. பிறகு ஒரு மத்தியானம் சாலையைத் தாண்டி வந்து அங்கம்மா வீட்டுப் படியில் உட்கார்ந்தாள்.

“அவரு வாய் என்னோடதுக்கா.”

“என்ன புள்ள சொல்ற?”

“குப்பைக்கா. பாட்டிலு, பொட்டலம், பிள்ளைங்க இடுப்புல கட்டி எறியிறது, எல்லாத்தையும் தினம் கொளுத்துறேன்ல. பக்கத்து விடுதிக்காரி புகை தாங்கலன்னு சண்டைக்கு வந்தப்ப, யாரோ கொளுத்துறாங்கன்னு சொன்னேன். அவளும் கடைய மூடிட்டுப் போயிட்டா. ரெண்டு வருஷமா உன்னை ஏசிட்டிருக்கேன், ஏசிக்கிட்டே கொளுத்திட்டும் இருக்கேன்.”

அங்கம்மா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். “அவருகிட்டச் சொல்லாத உனைசி. சொன்னா வாய் போயிடும். அப்புறம் உனக்குப் பேச்சுத் துணைக்கு யாரு இருக்கா?”

“நீதான் வரணும். அதக் கேக்கத்தான் வந்தேன்.”

அன்று மாலையே உனைசி அவரிடம் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார், தலையசைத்தார், பதிலுக்கு ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வாய் உதிர்ந்துவிட்டது. என்ன சொல்ல வந்தார் என்பது உனைசிக்கு இன்றுவரை தெரியாது; அதை நினைத்தால் அவள் கண் கலங்கும். குப்பை இப்போது வண்டியில் போகிறது. அங்கம்மா தினம் போகிறாள். இருவரும் முன்னைப்போல அவ்வளவு சிரிப்பதில்லை, ஆனால் பேசுகிறார்கள்.

அடுத்தடுத்த வருஷங்களில் இடதுகை போனது, நெஞ்சு போனது, மற்றதும் ஒவ்வொன்றாகப் போனது, ஒரு கிழவர் சாகக் கிடந்தபோது ஆள் அனுப்பிக் கூப்பிட்டு வயிற்றை வாங்கிக்கொண்டார். இப்போது மிச்சம் இருப்பது முழங்காலுக்குக் கீழே இரண்டு பாதங்கள் மட்டும். உனைசி அறையை வேறு யாருக்கும் கொடுப்பதில்லை. சாயங்காலமானால் அந்தப் பாதங்கள் விடுதியிலிருந்து புறப்பட்டு, சாலையைத் தாண்டி, கொட்டகையைத் தாண்டி, நேராக ஹனீஃபின் வீட்டுக்குப் போகின்றன. ஏன் என்று எங்கள் ஊரில் ஒருவரும் கேட்பதில்லை, ஹனீஃபின் மனைவி ஜைத்தூனும் கேட்பதில்லை. வாசலில் ஈரச்சாக்கு போட்டுவைக்கிறாள். பாதங்கள் துடைத்துக்கொண்டு உள்ளே போய் அவன் நாற்காலிக்கு எதிரே நிற்கின்றன. ஹனீஃப் இப்போது தமாஷ் செய்வதில்லை, யாராவது வேலியோரம் நின்று கூப்பிட்டால், “யாரோ வந்திருக்காங்க, அப்புறம் வர்றேன்” என்கிறான். போன மாதம் ஒருநாள் வெகுநேரம் அந்தப் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “நான்...” என்று ஆரம்பித்தான். பாதங்கள் ஓர் அடி முன்னால் வந்தன. ஜைத்தூன் சமையலறை வாசலில் வந்து நின்றாள். “நான் இன்னும் டீ குடிக்கல” என்று முடித்தான் ஹனீஃப். அவள் உள்ளே போய் டீ போட்டுக்கொண்டு வந்து, ஒரு கோப்பையை அவன் கையிலும், ஒன்றைத் தரையில் அந்தப் பாதங்களுக்கு முன்னாலும் வைத்தாள்.